கரப்பானுக்குப் பிடித்த உருண்டை

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் நெய் வாசம் போகவில்லை. நெய்யோடு கொஞ்சம் ஏலக்காய். இன்று மதியம் உன் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்க, ஒரு மாலாடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். "யாரு, நீயா? தெருவுல ஒக்காந்தா?" என்று கல்லாப்பெட்டியைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எழுதுகிறவர்கள் தங்கள் மனத்தை இறக்கி வைக்கத்தான் எழுதுகிறார்கள் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. என்னால் உன் கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. நீ உயிரோடு இருந்தவரை நாம் இருவரும் வெளியே தெரியாமல் காப்பாற்றிய ஒன்றை, நீ போன மறு வருஷமே மைக் பிடித்து ஊருக்குச் சொல்லிவிட்டேன். இது கல்யாண சீசன். பட்டு வாங்க வருகிற கூட்டத்தில் தெருவில் வண்டி நகரவில்லை. உன் மகள் நித்யா மட்டும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

பி.எஸ்சி. படித்த நாட்களில் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்தெடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்ட வேண்டியிருந்தது, நினைவிருக்கிறதா? எனக்கு அது வராது. கீழ்த்தாடை கிழிந்துவிடும். நீ ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, பூ கட்டுகிறவள் மொட்டை வரிசைப்படுத்துவதுபோல வைப்பாய். "பாவம்டி இது. இத்தினி பெரிய வாய வெச்சிக்கினு ஒரு வார்த்த பேச முடியல பாரு, உன்ன மாதிரியே" என்பாய். மேசை முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். உள்ளுக்குள் பிடித்திருக்கும்.

பிறகு நான் சென்னைக்குப் படிக்கப் போனேன். நீ சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பலகாரக் கடைக்காரர் வீட்டு மருமகளானாய். நான் ஆராய்ச்சியை முடித்து, இங்கேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, ஏனாத்தூரில் வீடு பார்த்துக் குடிவந்தபோது, உன் வீட்டுக்காரர் தவறிவிட்டிருந்தார். நீ கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். கடை ஆறு மாதம் தாங்காது என்று சொன்னவர்களே தீபாவளிக்கு வரிசையில் நின்றார்கள்.

ஒரு நாள் போன் செய்தாய். "உடனே வாடி. வாசப்பக்கமா வராத, பின்சந்து வழியா வா."

செவ்வாய்க்கிழமை மதியம். வாரத்தில் அன்று மட்டும் கடைக்கு ஓய்வு நேரம், ஷட்டர் இறக்கியிருந்தது. பின்கதவைத் திறந்து, "வாம்மா டாக்டரம்மா. பேஷண்டுங்கல்லாம் ஒனக்காக வெயிட் பண்ணிக்கினு இருக்குதுங்க" என்றாய். தட்டு அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தினாய். பின்னால் சுவரே அசைவதுபோல் இருந்தது. சின்ன, வெளிர்ப் பழுப்பு நிறக் கரப்பான்கள்.

அதில் உன் தவறு ஒன்றுமில்லை. சர்க்கரை மூட்டையோடும் அட்டைப் பெட்டிகளோடும் எல்லாக் கடைக்கும் வந்து இறங்குகிறவைதான். ஆனால் உங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூச்சி மருந்து அடிக்கிறவர்களை யாரும் வெளிப்படையாகக் கூப்பிட மாட்டார்கள். கரப்பான் படம் போட்ட வண்டி ஒன்று பலகாரக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். வெளியூர்க் கல்யாணக் கோஷ்டி பட்டுப்புடவை எடுத்த கையோடு பலகாரம் சொல்ல வரும்; அந்த வண்டியைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடும். அதனால் செவ்வாய் மதியங்களில் நான் சோதனைக் கூடத்திலிருந்து மருந்துப் பசையை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்து வருவேன். "யாராச்சும் கேட்டா நித்யாவுக்கு டியூஷன் எடுக்க வந்தேன்னு சொல்லிடு" என்றாய். நித்யா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்தப் பொய்க்காகவே அவள் பள்ளி விட்டு வரும்வரை இருந்து அறிவியலும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன்.

பசை முதலில் நன்றாக வேலை செய்தது. குளுக்கோஸ் கலந்த, விஷம் வைத்த பசை. தின்று செத்தன. நீ என்னைப் பேய் ஓட்டும் சாமியாடி அளவுக்குப் புகழ்ந்தாய். பிறகு மெல்லப் புதியவை தென்பட ஆரம்பித்தன. நாம் வைத்த பசை வைத்தபடியே காய்ந்து கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாம் இருவரும் தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு கரப்பான் வந்தது. பசையை வாயோரத்து நீட்சிகளால் தொட்டது. சூடான வாணலியில் கை பட்டதுபோல் துள்ளிப் பின்வாங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"இன்னாடி இது? வெளக்கெண்ண குடுத்த கொழந்த மாதிரி மூஞ்சத் திருப்பிக்குது?"

"இனிப்புதான் இது" என்றேன்.

"அதுங்களுக்கும் சுகர் வந்துடுச்சா? எந்த டாக்டருகிட்ட காட்டிச்சுங்க?" உனக்கு அந்த மாதம்தான் சர்க்கரை நோய் என்று சொல்லியிருந்தார்கள். காப்பியில் சர்க்கரையை நிறுத்திய எரிச்சலில் இருந்தாய். "என் காராபூந்தித் தூள தின்னுது, உன் மருந்த தொடமாட்டேங்குது. எது நல்ல ஐட்டம்னு கரப்பானே சர்டிபிகேட் குடுக்குது பாரு."

படுத்தபடியே உனக்கு விளக்கினேன். கரப்பானுக்கு நம்மைப் போல நாக்கு கிடையாது. வாயோர நீட்சிகளில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றன; அவற்றில்தான் ருசி. ஒரு மயிருக்குள்ளேயே இனிப்பைச் சொல்லும் நரம்பணு ஒன்று, கசப்பைச் சொல்லும் நரம்பணு ஒன்று என்று தனித்தனியே உண்டு. முன்னது எழுந்தால் சாப்பிடும், பின்னது எழுந்தால் விலகும். சில கரப்பான்களுக்குப் பிறவியிலேயே இது மாறியிருக்கும். குளுக்கோஸ் பட்டால் கசப்பு நரம்பணு விழித்துக்கொள்ளும். சாதாரணக் காலத்தில் அது ஒரு குறை. நல்ல உணவை விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கும். நாம் குளுக்கோஸில் விஷம் வைத்த பிறகு அந்தக் குறைதான் உயிரைக் காத்தது. இனிப்பை ருசித்தவை செத்தன, கசந்தவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன.

நீ டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாய். பிறகு, "அப்ப நாமளே சலிச்சு எடுத்து வளத்து இருக்கோம்" என்றாய். வகுப்பில் அரை மணி நேரம் நான் சொல்வதை ஒரு வரியில் முடித்துவிட்டாய்.

மாற்று வழியும் நீ கண்டுபிடித்ததுதான். பொட்டுக்கடலை மாவு டப்பாவைச் சுற்றிச் சிந்தியதை அவை துடைத்து வைத்ததுபோல் தின்றிருந்ததைக் கவனித்திருந்தாய். பொட்டுக்கடலை மாவு, பழைய நெய், உப்பு, போரிக் பவுடர். சர்க்கரை பெயருக்கும் இல்லை. சுண்டைக்காய் அளவு உருட்டி, பாட்டில் மூடிகளில் வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி அலமாரிகளின் அடியில் செருகினோம். கரப்பான் உருண்டை என்று நீ பெயர் வைத்தாய். அதற்கென்று தனிப் பாத்திரம். அதை வேறு யாரையும் தொடவிட மாட்டாய். சில மாதங்களில் அலமாரியின் பின்சுவர் வெறும் சுவராக இருந்தது.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிடித்த மாலாடு எனக்கு ஒரு பொட்டலம் கட்டுவாய். "வீட்டுக்குப் போயி சாப்டு. எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய மட்டும் சொல்லிடாதடி. இது என் சோறு" என்பாய். "நான் யாருகிட்ட பேசப் போறேன்?" என்பேன். அது உனக்குப் போதுமானதாக இருந்தது. வாய் இருந்தும் பேசாதவள் என்று என்னை நம்பினாய்.

அந்த நம்பிக்கையை உடைத்த மேடை ஒன்றும் பெரிய மேடை இல்லை. பொதுமக்களுக்கான அறிவியல் பேச்சு, ஊருக்குள் ஒரு கூடத்தில். ஆசிரியர்கள், மாணவர்கள், தறி வேலை முடித்து வந்தவர்கள், கொஞ்சம் வீட்டுப் பெண்கள். பூச்சிகளின் ருசி பற்றிப் பேசினேன். ஈ காலால் ருசி பார்க்கிறது, உங்கள் சோற்றின் மேல் வந்து நின்றதுமே அதற்கு ருசி தெரிந்துவிடுகிறது என்றேன். வண்ணத்துப்பூச்சி இலையை முன்காலால் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் முட்டை வைக்கிறது என்றேன். வேப்பங்கொட்டைச் சாறு பல பூச்சிகளைக் கொல்வதைவிட அவற்றின் வாயைக் கட்டுவதுதான் அதிகம் என்றேன். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழக்கம்தான். அன்று ஏனோ பொறுக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு முறையாவது கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், நீ பேசினால் சிரிப்பதுபோல, என்று ஆசை வந்தது.

"நம்ம ஊர்லயே, ஸ்வீட் கடை நடத்தின என் தோழி ஒருத்தி இருந்தா" என்று ஆரம்பித்தேன்.

பெயர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை. ஆய்வுக் கட்டுரையில் செய்வதுபோல அடையாளங்களை நீக்கிவிட்டதாக நினைத்தேன். அலமாரிக்குப் பின்னால் அசைந்த சுவரைச் சொன்னேன். டார்ச்சைச் சொன்னேன். "அதுங்களுக்கும் சுகரா" என்ற உன் பேச்சை உன் குரலிலேயே சொன்னேன். கூடம் சிரித்தது. போன்கள் தாழ்ந்தன, சில என்னை நோக்கி உயர்ந்தன. எனக்கு அது பிடித்தது. பிடித்தது என்பதைத்தான் எழுதக் கூசுகிறது.

உன்னைப் புகழத்தான் சொன்னேன் என்று இரண்டு நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ கண்டுபிடித்த உருண்டையைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லியிருந்தேனே. ஆனால் ஊரில் சுற்றிய துண்டு வீடியோவில் அது இல்லை. கரப்பான் இருந்தது, ஸ்வீட் கடை இருந்தது, சிரிப்பு இருந்தது. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'காஞ்சிபுரம் ஸ்வீட் கடையில் கரப்பான். பேராசிரியை வெளியிட்ட அதிர்ச்சித் தகவல்.'

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஓர் அம்மா என்னை நிறுத்தி நன்றி சொன்னார். "தேரடி பக்கத்துல இருக்கற கடைதான மேடம்? நல்லவேள சொன்னீங்க. எங்க நாத்தனார் பொண்ணு சீமந்தத்துக்கு அங்கதான் சொல்லலாம்னு இருந்தோம். மாத்திட்டோம்." நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த விடைத்தாள்களைச் சரிசெய்துகொண்டு நடந்தேன்.

இன்றுதான் போனேன். கால்கள் பழக்கத்தில் பின்சந்துக்குள் நுழைந்துவிட்டன. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டக் கூச்சமாக இருந்தது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன்.

"வாங்க மேடம்" என்றாள் நித்யா. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு நான் ஆன்ட்டி.

"நித்யா, நான் கடை பேர சொல்லலம்மா."

"பேரு எதுக்கு மேடம்? இந்த ஊர்ல ஸ்வீட் கடை கல்லாவுல ஒக்காந்த பொம்பள எத்தினி பேரு? அதுல காலேஜ் மேடத்துக்கு ஃப்ரெண்டு எத்தினி பேரு?" ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. "பட்டுக் கடைக்காரங்க வீட்டுக் கல்யாண ஆர்டர் போச்சு. நேர்ல வந்துதான் சொன்னாங்க, நல்ல மனுசங்க. 'தப்பா எடுத்துக்காதம்மா, மனசு ஒப்பல'ன்னாங்க. நான் இன்னா சொல்ல முடியும்? சாப்புடற பொருளாச்சே. அந்த ஆர்டர நம்பித்தான் பலகாரம் போடற மாஸ்டர நிக்க வெச்சிருந்தேன். அவரும் இப்ப வேற எடம் பாக்குறாரு. அவரு போனா நான் ஷட்டர எறக்க வேண்டியதுதான்."

"நான் இன்னொரு வீடியோ போடறேன். உள்ள வந்து நானே பாத்துட்டு, கடை சுத்தமா இருக்குன்னு..."

"அம்மா தாயே, வேணாம். மறந்துக்கினு வர்றவனுக்கும் ஞாபகப்படுத்துவீங்க."

அவள் சொன்னது சரி. சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதற்கும் முதலில் கரப்பான் என்று சொல்லியாக வேண்டும். 

துணியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டா? எங்க கடை பலகாரத்த நீங்க எப்பவாச்சும் சாப்ட்டு இருக்கீங்களா?"

நான் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும் மேடம். ரொம்ப நாளா டவுட்டு அவங்களுக்கு. ஒரு தபா அந்தக் கரப்பான் உருண்டைய, வேற பாத்திரத்துல, மருந்து சேக்காம, பெருசு பெருசா புடிச்சாங்க. பொட்டுக்கடல மாவு, பழைய நெய்யி, உப்பு. அத்தயே உங்களுக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. அடுத்த வாரம் வந்து 'நல்லா இருந்தது'ன்னீங்களாம். நீங்க போனதும் அம்மா சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. 'கரப்பான் தேவலடி, தொட்டாச்சும் பாக்குது'ன்னாங்க."

உன்னிடம் இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. நான் அலமாரியின் பின்பக்கத்தைப் பார்த்தவள். கரப்பானின் கால்களில் என்னென்ன ஒட்டிவரும் என்று பாடம் நடத்துகிறவள். உன் கைச் சுத்தம் எனக்குத் தெரியும், பலகாரம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்ததும் தெரியும், அந்தச் சுவர் வெறும் சுவரானதை நானே பரிசோதித்தேன். அத்தனையும் தெரிந்தும் வாய் ஒப்பவில்லை. பொட்டலத்தைக் கல்லூரி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். உப்புப் போட்ட உருண்டைகளையும் அவர்தான் தின்றிருக்கிறார். மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மனசு ஒப்பவில்லை என்று வந்து சொன்ன அந்தக் கல்யாண வீட்டார், உன் பலகாரத்தை ஒதுக்கியவர்களில் முதல் ஆட்கள் இல்லை. முதல் ஆள், வீடியோவுக்கெல்லாம் பல வருஷம் முன்பே, உன் பின்வாசல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் முகத்துக்கு நேராகவாவது சொன்னார்கள்.

"ஒரு மாலாடு குடு" என்றேன்.

"பிராயச்சித்தமா?"

"குடு."

உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள். வேண்டாம் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே பூ விற்கும் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா மேடம், போன் வீடியோல அப்பிடி பேசினீங்க, இப்ப நீங்களே ஒக்காந்து துன்றீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். புடவைப் பைகளோடு போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. உருண்டை முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நித்யா பக்கத்தில் வந்து நின்றாள். "எப்பிடி இருக்குது?"

உன் கேள்வி, கிட்டத்தட்ட உன் குரல். நல்லா இருக்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

"பொட்டுக்கடலைய அதிகமா வறுத்துட்டீங்க. முடியறப்ப லேசா கசக்குது" என்றேன்.

அவள் முகம் மாறியது. உள்ளே போய் ஒன்றை உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். "ஆமா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்பதான் நெசமா சாப்ட்டு இருக்கீங்க" என்றாள். அந்தத் தட்டைக் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். விற்க மாட்டாள். ஏற்கெனவே விற்பனை இல்லாத நாளில் ஒரு முழுத் தட்டு. அதற்கும் நானே காரணமாகிவிட்டேன் என்று தோன்றியது. ஆனால் அவள் மாஸ்டரைக் கூப்பிட்டு வறுவலைப் பற்றிக் கேட்ட குரலில் நீ இருந்தாய்.

அந்த ஆர்டர் திரும்பி வராது. மாஸ்டர் இருப்பாரா என்று தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் கடை மூடியிருக்கும்; அதனால் புதன்கிழமை போவேன். ஷட்டர் முழுக்கத் திறந்திருக்கும் நேரத்தில், தெரு பார்க்க. கொடுத்தால் சாப்பிடுவேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அதனால் கடை பிழைத்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். நீ சோதனை வைத்தாய், முடிவு கையில் கிடைத்தது. அதற்குப் பிறகும் நீ படுக்கையில் விழும்வரை எனக்குப் பொட்டலம் கட்டினாய். எப்படி இருந்தது என்று கேட்டாய். நான் பொய் சொன்னேன், நீ தலையாட்டிக்கொண்டாய். "ஏண்டி, என் கையால செஞ்சத துன்னக் கூடவா ஒனக்கு அருவருப்பு?" என்று ஒரே ஒரு தடவை நீ கேட்டிருந்தால் அன்றைக்கே நான் வெட்கத்தில் செத்திருப்பேன், மறுநாள் வந்து சாப்பிட்டுமிருப்பேன். எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத நீ, இதை மட்டும் கேட்காமலே போய்விட்டாய்.